மார்கழியில் பேசிய வீட்டு விலை

வீட்டுத் தரகுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பத்திரம் பார்ப்பது பற்றியோ வில்லங்கம் போட்டு எடுப்பது பற்றியோ நான் எழுதப் போவதில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாலு நாள் நின்றால் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன். அதை நீங்கள் தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். போன வாரம்கூட டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் செய்தான். எழுந்து அறையலாம் என்று தோன்றியது. வயதாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் வீடு கட்டி விற்பது என்பதே அப்போது புதுசு. மனை வாங்குவார்கள், மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள், தங்களுக்கு வேண்டியதுபோல் கட்டிக்கொள்வார்கள். யாருக்கென்று தெரியாமலே நாலு வீட்டை எழுப்பிவிட்டு ஆள் தேடியவர், நான் அறிந்தவரை, ஜெயராமன் மேஸ்திரிதான் முதலில். வந்தவாசி போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் ஒரே வரிசையாக நாலு வீடு. மூன்று வீடுகள் தளம் போட்ட நிலையில் நின்றன. ஒன்று முழுதாக முடிந்திருந்தது. அதன் கூடத்தில் சிவப்பு சிமெண்ட் தரை போட்டு, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி வைத்திருந்தார். குனிந்தால் முகம் தெரியும். விலை இருபத்தெட்டாயிரம் என்றார்.

வாங்க வந்தவர் சவரிமுத்து. பட்டு நெசவு. அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி லூர்தம்மா பேசுவார். அவர்கள் குடியிருந்தது ஓர் அரிசி மண்டிக்காரரின் வீட்டில். மண்டிக்காரருக்கு மகன் கல்யாணம் வந்தது. தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தறிக்காரருக்கு வேறு வாடகை வீடு சுலபத்தில் கிடைக்காது. குழித்தறி போட வேண்டுமானால் தரையைத் தோண்ட வேண்டும். எந்த வீட்டுக்காரர் விடுவார்? அதனால்தான் சொந்த வீடு என்று இறங்கினார்கள். சேர்த்து வைத்தது, லூர்தம்மாவின் வளையல், அவர் அண்ணன் கொடுத்தது எல்லாம் சேர்ந்து இருபத்து மூவாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. இதை என்னிடம் சொல்லிவிட்டு, "வெலய மட்டும் வெளிய வுட்றாதீங்க அண்ணா" என்றார் லூர்தம்மா.

விடவில்லை. விலையைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாளைச் சொல்லக் கூடாது என்று தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்து இந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறியில் பாவு ஏறியிருக்கும்போது நெசவுக்காரர் வீடு மாற முடியாது. பாவு என்பது நீளவாட்டில் போகும் பட்டு இழைகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றாவது சேலையை நெய்து அறுத்த பிறகுதான் தறியைப் பிரித்து வேறு இடத்தில் போட முடியும். அறுத்த கையோடு பழைய இழைகளின் முனையில் புதுப் பாவைப் பிணைத்துவிட்டால் இன்னும் ஒரு மாசத்துக்கு அசைய முடியாது. ஆகவே ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏறுவதற்கு நடுவில் கிடைக்கிற நாலைந்து நாள்தான் வீடு மாறுகிற நாள்.

பேரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி இருபத்தாறு வரை இறங்கிவிட்டார். இன்னும் இறங்குவார் என்று எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சாலையோர டீக்கடையில் என்னை உட்காரவைத்து வடை வாங்கிக் கொடுத்தார்.

"இன்னாய்யா, ஒன் பார்ட்டி நெஜமாவே வாங்குவானா? இல்ல தரையில மொகம் பாத்துக்கினு போவ வந்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கொண்டுவந்த ஆளைச் சொல்கிறாரே என்ற ரோஷம்.

"நெஜமாவான்னு கேக்கறீங்களே! தறியில ஒன்றரை சேலதான் பாக்கி. அறுத்ததும் தறியப் பிரிக்கணும். தை பொறக்கறதுக்குள்ள மண்டிக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு. வேற வூடும் கெடைக்கல. வாங்காம எங்க போவாரு?"

"அப்பிடியா" என்றார் மேஸ்திரி. இன்னொரு வடை சொன்னார். அதையும் தின்றுவிட்டு வந்தேன்.

ஆரணியில் பிறந்தவனுக்கு நெய்யத் தெரியாவிட்டாலும் சேலையை நாளாக மாற்றத் தெரியும். ஒன்றரை சேலை என்றால் பதினைந்து நாள். மறுநாள் போனேன். இருபத்தெட்டு என்றார். நேற்று இருபத்தாறு என்றீர்களே என்றேன். நேற்று நேற்றுதான் என்றார். அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் "வெல அதான்" என்ற ஒரே பதில். பதினைந்து நாளும் அப்படியே ஓடின. கார்த்திகை முடிய ஒரு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தேவிகாபுரத்துல ஒரு வாத்தியார் கேட்டுக்கினு இருக்காரு. இருபத்தெட்டுக்கு சரின்னுட்டாரு. நாளைக்கு சாயந்தரம் வரிக்கும்தான் பாப்பேன். ஜல்தியா ஒரு முடிவு சொல்லச் சொல்லு."

இப்போது நான் என்ன செய்திருக்கலாம் என்று கவனியுங்கள். நேராகப் போய், "வாத்தியார் தூக்கிக்கொண்டு போய்விடுவார், எங்கேயாவது ஐயாயிரம் புரட்டுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோய்ப் புரட்டியிருப்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் தரகு. என் வாயால் வந்த வினை என்று யாருக்கும் தெரிந்திருக்காது. யோக்கியன் மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே அதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டுதான் போனேன்.

சவரிமுத்து தறியில் இருந்தார். கடைசிச் சேலையில் முழ அளவுதான் மிச்சம். என்னைப் பார்த்ததும், குறுக்கு இழையை ஓட்டுகிற நாடாவைக் கையிலேயே நிறுத்திவிட்டு, "வாங்க வாங்க, ஒக்காருங்க. லூர்து, அண்ணனுக்குக் காப்பி வை" என்றார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. கோத்து வைத்திருந்த பொய் வரவில்லை. நான் நல்லவன் என்பதால் அல்ல. வரவில்லை, அவ்வளவுதான்.

"மேஸ்திரி எறங்க மாட்டாரு. நான்தான் கெடுத்துட்டேன். பாவு எப்ப முடியுது, எப்ப காலி பண்ணணும்னு எல்லாத்தையும் அவராண்ட ஒளறிட்டேன்" என்றேன். வாத்தியார் கதையையும் சொன்னேன். வடையையும் சொன்னேன்.

லூர்தம்மா காப்பி வைக்கப் போகவில்லை. பேச்சில் அண்ணாவும் போயிற்று, நீங்க என்பதும் போயிற்று.

"வெலயச் சொல்லாதன்னு சொன்னேன். நாளச் சொல்லாதன்னு தனியா சொல்லணுமா? நீ ஆரணிக்காரன்தானே? இல்ல எங்கிருந்தாவது பஸ்ல வந்து எறங்கினியா?"

"வுடு லூர்து. வேணும்னா செஞ்சாரு?" என்றார் சவரிமுத்து.

"நீ சும்மா இரு. வேணும்னு செஞ்சிருந்தா துட்டாவது வாங்கியிருப்பான். இவன் வடைக்குச் சொல்லிட்டு வந்திருக்கான்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உங்களை யாராவது நியாயமாகத் திட்டும்போது குறுக்கே பேசாதீர்கள். முடியட்டும்.

சவரிமுத்து மெதுவாக, "மொதலாளியாண்ட அஞ்சாயிரம் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார். அவருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்கிற முதலாளி.

"கேட்டா குடுப்பாரு. அப்பறம் அவரு சொல்ற கூலிக்குத்தான் நெய்யணும். பத்து வருசத்துக்கு வேற யாருக்கும் நெய்ய முடியாது. வூடு ஒன்னுது, நீ அவருது. பரவால்லியா?"

அந்த வீட்டில் பணயமாக இருந்தது அதுதான். ஐயாயிரம் அல்ல.

பிறகு லூர்தம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "வாத்தியார் நாளைக்கு வரலன்னா எப்ப வருவாரு?"

"நாளான்னிக்கு வருவாரு."

"நாளான்னிக்கு இன்னா?"

எனக்கு விளங்கவில்லை.

"மார்கழி பொறக்குது. ஒங்காளுங்க மார்கழியில வூடு வாங்குவாங்களா?"

வாங்க மாட்டார்கள். பதினோரு வருஷத் தரகில் ஒரு மார்கழியில்கூட நான் ஒரு வீடு முடித்ததில்லை. அந்த மாசம் எனக்கு லீவு மாதிரி. அட்வான்ஸ்கூடக் கை நீட்டி வாங்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நாளைக்குள் விற்கவில்லை என்றால் மேஸ்திரிக்குத் தை பிறக்கிற வரை ஆளே கிடையாது, பாதியில் நிற்கிற மூன்று வீட்டு வேலைக்கும் கையில் பணம் வராது. இந்த ஊரில் மார்கழியில் வீடு வாங்கக் கூடியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற குடும்பங்கள்தான். அதிலும் கையில் பணத்தோடு இருந்தது இவர்கள் மட்டும்தான். பிறந்ததிலிருந்து அந்த வழக்கத்துக்குள்ளேயே கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற லூர்தம்மாவுக்குத் தோன்றியது.

"நாம அறுத்துட்டு, தறியப் பிரிக்கப் போறோம்னு கையக் கட்டிக்கினு ஒக்காந்தாதானே அவருக்கு லாபம்? புதுப் பாவு பொணைச்சிட்டா?"

சவரிமுத்து பதறிவிட்டார். "தைக்குள்ள முடியாதே! பாவு பாதியில நிக்கும்போது மண்டிக்காரர் வெளிய போன்னா இன்னா பண்றது? அறுத்துத் தூக்கிப் போடறதா? பட்டு மொதலாளியோடது லூர்து."

"அதுக்கு இவரு போவாரு மண்டிக்கு. கெடுத்தவரு இவருதானே."

போனேன். மண்டிக்காரர் மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். என் உளறலையும் மறைக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"எத்தினி நாளு வோணும்?"

"தை பத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"கல்யாணம் எப்பன்னு ஒனக்குத் தெரியுமாய்யா?"

"தையில."

"தை கடைசி முகூர்த்தம். தை பொறக்கறதுக்குள்ளன்னு சொன்னாத்தான் பாதித் தையிலயாவது கெளம்புவாங்கன்னு சொன்னேன். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அவரும் கேக்கல, ஊரெல்லாம் பேசற நீயும் கேக்கல. தை பத்துன்னா பத்து. பதினொண்ணு காலையில வெள்ளையடிக்க ஆளு வருவான், சொல்லிட்டேன்."

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம். ஒருவர் கெடு வைத்தால் அது எதற்காக வைத்த கெடு என்று அவரையே போய்க் கேளுங்கள். நாங்கள் மூன்று பேரும் ஒன்றரை மாசம் பயந்து செத்தது, யாரும் வாயைத் திறந்து கேட்காததால். திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டு, மூட வேண்டிய இடத்தில் திறந்தேன்.

மறுநாள் சேலையை அறுத்தார்கள். அன்று சாயந்தரக் கெடுவுக்கு நான் மேஸ்திரியிடம் போகவே இல்லை. மார்கழி இரண்டாம் நாள் விடிந்ததும் புதுப் பாவைத் தெருவில் நீட்டினார்கள். தெரு நெடுகக் கோலம் போட்டிருந்த நேரம். கோலங்களுக்கு மேலே கோடியிலிருந்து கோடிக்கு மாம்பழ மஞ்சளில் பட்டு. இழை இழையாகப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேஸ்திரி வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளில் வந்தார். ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னா சவரி, பாவா?"

"ஆமா மேஸ்திரி."

"அப்ப வூடு?"

"இருக்கிற வூட்லதான் போடறோம்" என்றார் லூர்தம்மா, தலையைத் தூக்காமல்.

மத்தியானம் மேஸ்திரி என் வீட்டு வாசலில் நின்றார். "இன்னாய்யா பேஜாரா இருக்குது? காலி பண்றாங்கன்னு நீதானே சொன்ன?" என்றார். அவர்களையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

தேவிகாபுரத்து வாத்தியார் வரவில்லை. அப்படி ஒருவர் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் மேஸ்திரி ஆளனுப்பினார். மூன்று பேரும் போனோம். போகிற வழியில் லூர்தம்மா என்னிடம், "அங்க நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கொட்டாவி வந்தாக்கூட வெளிய போய் வுட்டுட்டு வாங்க" என்றார். மறுபடி நீங்க என்றதே எனக்குப் பெரிசு.

மேஸ்திரி கூடத்தில் நின்றிருந்தார். "மார்கழியாச்சே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியேம்மா?" என்று ஆரம்பித்தார்.

"எங்களுக்கு நல்ல மாசம்தான். விக்கிற ஒங்களுக்கு?"

"விக்கிறவனுக்கு மாசம் ஏதும்மா. இருபத்தாறு. பழைய பேச்சே பேச்சு."

"இருபத்திரெண்டு."

மேஸ்திரி சிரித்தார். கதவைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், கடைசியில் காலால் தரையைத் தட்டினார். "இந்தத் தரைக்கு மட்டும் ஆயிரத்தி ஐந்நூறு ஆச்சு. ஆரணியில எந்த வூட்லயாவது இப்பிடி ஒரு தரை இருந்தா காட்டு."

லூர்தம்மா தரையைப் பார்த்தார். பிறகு புருஷனிடம், "நீ ஒக்காரு" என்றார்.

சவரிமுத்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார்.

"அங்க இல்ல. ஜன்னலாண்ட போ. எடது பக்கம் வெளிச்சம் வரணும்."

அவர் நகர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"இன்னா பண்றீங்க?" என்றார் மேஸ்திரி.

"காலு எங்க வெக்கறதுன்னு பாக்கறோம். குழியிலதானே தொங்கணும்? இங்க முழங்காலுக்கு மேல தோண்டணும். தறிக்கு முளை அடிக்க நாலு எடத்துல ஒடைக்கணும். இதுக்கு ஆயிரத்தி ஐந்நூறு ஆச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கழிச்சிக்குங்க. ஒடைக்கற கூலியும் கழிச்சிக்குங்க. எங்களுக்குத் தரை வாணாம், மண்ணுதான் வோணும்."

மேஸ்திரியின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. அவர் எத்தனையோ நெசவுக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர். அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லும்போதெல்லாம் குழிக்கு இடம் விட்டுக் கட்டியவர். யாருக்கென்று இல்லாமல் கட்டியபோது, தறி ஓசை கேட்காத தெருவே இல்லாத ஊரில், குழியை மறந்துவிட்டார். நான் நாளை உளறியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ ஒரு பேச்சு சொல்லுய்யா."

இந்த இடத்தில்தான் நீங்கள் கெடுவீர்கள். அவர் இருபத்தாறு என்கிறார், இவர் இருபத்திரண்டு என்கிறார், நடுவில் இருபத்து நாலு என்று முடித்து இரண்டு பேர் கையையும் சேர்த்து வைக்கத் தரகனுக்கு நாக்கு தானாகத் துடிக்கும். நியாயமாகவும் தெரியும். எனக்கும் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் இருந்தது இருபத்து மூன்று. நான் நடுவில் வெட்டினால் அந்த ஆயிரத்துக்காக சவரிமுத்து முதலாளி வாசலில் நிற்க வேண்டும். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஓர் எருமை போயிற்று. அது மறைகிற வரை பார்த்தேன். என் தொழிலில் அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

மேஸ்திரி வெளியே போனார். கிணற்றடியில் முகம் கழுவினார். திரும்பி வந்தார்.

"இருபத்து மூணரை."

"இருபத்து மூணு" என்றார் லூர்தம்மா. "குழியும் நீங்களே வெட்டிக் குடுத்துடணும். எவ்ளோ ஒடைச்சா மீதித் தரை வெடிக்காதுன்னு போட்ட ஒங்களுக்குத்தான் தெரியும்."

"ஏம்மா, ஒடைக்கறதும் நானேவா?"

"வேற யாரையாவது வுட்டா ஒங்களுக்கு மனசு கேக்குமா?"

மேஸ்திரி அந்த அம்மாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். "ஆடாத ஒக்காரு சவரி" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்தவரின் முழங்காலிலிருந்து ஆரம்பித்து, குழிக்கு அளவு பார்த்து வெள்ளைக் கோடு போட்டார். அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய தரையில் கோடு ஒரே இழுப்பில் நேராக விழுந்தது. வேலை தெரிந்த கை.

கோடு போட்டு முடித்து அவர் எழுந்துவிட்டார். சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. கோட்டுக்குள் காலை வைத்துக்கொண்டு, இல்லாத நாடாவை வலது கையிலிருந்து இடது கைக்குத் தள்ளினார். இடது கையிலிருந்து வலது கைக்குத் தள்ளினார். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

"எழுந்திருய்யா" என்றார் லூர்தம்மா. குரல் முன்போல் இல்லை. "இன்னும் பத்திரம்கூட ஆவல."